ஏரியைச் சாய்க்கும் காற்று

நுழையும்முன்

வெள்ளம் என்றதும் மழையும் ஆறும் நம் நினைவுக்கு வருகின்றன. மழையே பெய்யாத நாளிலும் ஓர் ஏரி தன் கரையைக் கடந்து ஊருக்குள் புகக்கூடும். அதற்குக் காற்று ஒன்றே போதும். ஏரியிலுள்ள நீரின் அளவு ஒரு துளியும் கூடாமல், ஒரு கரையில் வறட்சியையும் மறுகரையில் வெள்ளத்தையும் ஒரே நேரத்தில் உண்டாக்கும் ஆற்றல் காற்றுக்கு உண்டு. அது கரைநிலத்தையும் ஆண்டுதோறும் அரித்துச் செல்கிறது. இவ்வியக்கத்தை விளக்கி, ஏரிக்கரையில் வாழ்வோர் அறிய வேண்டியவற்றை எடுத்துரைப்பது இப்பாடம்.

காற்றும் நீரும்

ஒரு தட்டில் நீரை ஊற்றி ஒருபுறமிருந்து ஊதினால், நீர் எதிர்ப்புற விளிம்பில் சற்றே உயர்ந்து நிற்பதைக் காணலாம். பரந்த ஏரியிலும் நிகழ்வது இதுவே. நீர்ப்பரப்பின் மீது வீசும் காற்று அதனோடு உராய்ந்து மேற்பரப்பு நீரைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இழுக்கப்பட்ட நீர் எதிர்க்கரையில் குவிகிறது. காற்று புறப்பட்ட கரையில் நீர்மட்டம் தாழ்கிறது. ஏரியின் மேற்பரப்பு சமதளமாக இல்லாமல் ஒருபுறம் சாய்ந்த தளமாகிறது.

இச்சாய்வின் அளவை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, காற்றின் வேகம். வேகம் இரு மடங்கானால் நீரை இழுக்கும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே, காற்றின் வேகத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் கரையில் பெரிய மாற்றமாகத் தோன்றும். இரண்டாவது, வீச்சுத் தொலைவு. காற்று தடையின்றி நீரின் மேல் கடந்துவரும் தொலைவே வீச்சுத் தொலைவு எனப்படும். அது நீளும்தோறும் எதிர்க்கரையில் குவியும் நீரும், அங்கு எழும் அலையின் உயரமும் மிகும். மூன்றாவது, ஏரியின் ஆழம். ஆழமான ஏரியில், மேலே தள்ளப்பட்ட நீர் அடிப்பகுதி வழியாக எளிதில் திரும்பிவிடும். ஆழமற்ற ஏரியிலோ அவ்வாறு திரும்புவதற்கு இடமில்லை. எனவே நீர் கரையிலேயே குவிந்து நிற்கும்.

இதனால்தான், ஆழம் குறைந்த ஏரி அமைதியானது என்னும் பொது எண்ணம் தவறாகிறது. காற்று வெள்ளத்தைப் பொறுத்தவரை ஆழமற்ற பெரிய ஏரியே மிகுந்த ஆபத்துடையது.

தெரியுமா?

தமிழர் காற்றை அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். ஏரியின் எந்தக் கரை ஆபத்துக்கு உள்ளாகும் என்பதை முதலில் உணர்த்துவதும் காற்றின் திசையே.

ஈரி ஏரியின் இரு முனைகள்

வட அமெரிக்காவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையே ஐந்து பேரேரிகள் அமைந்துள்ளன. சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் ஆழம் மிகக் குறைந்தது ஈரி. சுப்பீரியர் ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 147 மீட்டர். ஈரியின் சராசரி ஆழமோ 19 மீட்டர் மட்டுமே. ஆயினும் ஈரி ஏறத்தாழ 388 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் நீளவாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி அமைந்திருக்கிறது. அப்பகுதியின் இலையுதிர்காலப் புயல்களின்போது பலத்த காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே வீசும். நீளம், ஆழமின்மை, காற்றின் திசை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடம் இது.

தென்மேற்குக் காற்று வலுத்து வீசும்போது, கிழக்கு முனையிலுள்ள பஃபலோ நகரத்தில் நீர் உயர்கிறது. அதே வேளையில் மேற்கு முனையிலுள்ள டொலிடோ நகரத்தில் நீர் உள்வாங்கி, ஏரியின் அடித்தரை வெளிப்படுகிறது. கப்பல்கள் தரைதட்டும் நிலை ஏற்படுகிறது. கடும் புயல்களில் இரு முனைகளுக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு 2 மீட்டரைக் கடந்துவிடும். காற்று வடகிழக்கிலிருந்து வீசினால் நிலைமை தலைகீழாகும். மேற்கு முனையின் தாழ்ந்த கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கும்.

1844ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பஃபலோ நகரம் இவ்வுண்மையைக் கொடிய வகையில் அறிந்தது. காற்றால் குவிந்த ஏரிநீர், ஏறத்தாழ 14 அடி உயரமிருந்த தடுப்புச் சுவரைத் தாண்டி இரவில் நகருக்குள் பாய்ந்தது. துறைமுகத்தை அடுத்த தாழ்ந்த பகுதிகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஊசலாடும் நீர்

காற்று ஓய்ந்ததும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. ஒருபுறம் தள்ளி நிறுத்தப்பட்ட ஊஞ்சலை விட்டுவிட்டால் அது முன்னும் பின்னும் ஆடுவதுபோல, ஒரு கரையில் குவிந்த நீரும் காற்றின் பிடி தளர்ந்தவுடன் மறுகரைக்குப் பாய்ந்து மீண்டும் திரும்புகிறது. இவ்வசைவை அறிவியலார் செய்ஷ் என்பர். தமிழில் இதனை ஏரி ஊசல் எனலாம்.

சுவிட்சர்லாந்தின் லெமான் ஏரிக்கரையில் வாழ்ந்தோர் இப்பெயரை முன்பே வழங்கிவந்தனர். அந்நாட்டு அறிஞர் பிரான்சுவா அல்போன்ஸ் ஃபொரெல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூசலை முறையாக அளந்து விளக்கினார். ஏரிகளை ஆராயும் துறையை ஒரு தனி அறிவியலாக நிலைநிறுத்தியவரும் அவரே. ஏரியின் நீளமும் ஆழமும் ஊசலின் காலத்தைத் தீர்மானிக்கின்றன. லெமான் ஏரியில் நீர் ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. ஈரி ஏரியில் ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகிறது.

புயல் கடந்து வானம் தெளிந்த பின்னரும் ஏரி தாக்கக்கூடும் என்பதற்கு 1954ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் சிக்காகோவில் நிகழ்ந்தது சான்றாகும். அன்று காலையில் விரைந்து நகர்ந்த ஒரு புயற்கோடு மிச்சிகன் ஏரியைக் கடந்து சென்றது. காற்றும் திடீர் அழுத்த மாற்றமும் எழுப்பிய அலை எதிர்க்கரையில் மோதித் திரும்பியது. புயல் போய்விட்டது என்று கருதிக் கரையோரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களை அவ்வலை வாரிச் சென்றது. 8 பேர் இறந்தனர். சிக்காகோ பல்கலைக்கழக அறிஞர் ஜார்ஜ் பிளாட்ஸ்மன் அந்நிகழ்வைக் கணினி வழியாகக் கணக்கிட்டு 1958இல் விளக்கினார். அத்தகைய அலைகளை முன்னறியும் முயற்சிக்கு அந்த ஆய்வு வழிகாட்டியது.

ஒக்கிச்சோபி: ஓர் இரவின் பாடம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஒக்கிச்சோபி ஏரி ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் சராசரி ஆழமோ 3 மீட்டருக்கும் குறைவு. ஆழமற்ற பெரிய ஏரி என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரியின் தென்புறச் சதுப்பு நிலங்களில் நீர் வடிக்கப்பட்டு, அவை வேளாண் நிலங்களாக மாற்றப்பட்டன. ஏரிக்கும் வயல்களுக்கும் இடையே தாழ்ந்த மண்கரை ஒன்று மட்டுமே எழுப்பப்பட்டிருந்தது. 1926இல் வீசிய சூறாவளி அக்கரையை ஓரிடத்தில் உடைத்து, மூர் ஹேவன் என்னும் ஊரை மூழ்கடித்தது. அதன் பின்னரும் கரை போதிய அளவில் வலுப்படுத்தப்படவில்லை.

1928ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மற்றொரு சூறாவளி புளோரிடாவின் கிழக்குக் கடற்கரையைக் கடந்தது. அன்று பகலிலேயே எச்சரிக்கை பரவியதால் தாழ்ந்த பகுதிகளிலிருந்து பலர் வெளியேறினர். எதிர்பார்த்த நேரத்தில் புயல் வந்து சேரவில்லை. ஆபத்து விலகியதாக எண்ணிய பலர் வீடுகளுக்குத் திரும்பினர். இரவில் புயல் ஏரியை அடைந்தது. வடக்கிலிருந்து வீசிய காற்று ஏரிநீரைத் தெற்குக் கரையில் குவித்தது. மண்கரை நெடுந்தொலைவுக்கு உடைந்தது. நீர் இருளில் வயல்வெளிகளின் மீது பரவியது. புயலின் மையம் நகர்ந்த பின் காற்று திசைமாறி, வடகரையிலும் வெள்ளத்தை ஏற்படுத்தியது.

அவ்விரவில் இறந்தோர் 2,500 பேருக்குக் குறையாதவர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் வயல்களில் கூலிவேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள். வெஸ்ட் பாம் பீச் நகரில் வெள்ளையினத்தவர் 69 பேரின் உடல்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. கறுப்பினத்தவர் 674 பேரின் உடல்கள் அடையாளமின்றி ஒரே குழியில் புதைக்கப்பட்டன. சோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் எழுத்தாளர் 1937இல் வெளியிட்ட புதினத்தில் இவ்வெள்ளத்தின் துயரம் இடம்பெற்றுள்ளது. இயற்கை எல்லோர் மீதும் ஒன்றுபோல வீசினாலும், தாழ்ந்த நிலத்தில் எளிய வீட்டில் வாழ்வோரையே அதன் அடி முதலில் வீழ்த்துகிறது என்பதை அவ்விரவு உணர்த்தியது.

பேரிடருக்குப் பின் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்ந்த கரை எழுப்பப்பட்டது. ஹெர்பர்ட் ஹூவர் கரை என்று அது அழைக்கப்படுகிறது. கட்டியதோடு அப்பணி முடிந்துவிடவில்லை. மண்கரையின் உள்ளே நீர்க்கசிவு தோன்றியதால் பெரும் சீரமைப்புப் பணி தேவைப்பட்டது; அது 2023இல் நிறைவுற்றது. கரையைக் கட்டும் தலைமுறையைப் போலவே, அதைக் காக்கும் தலைமுறைக்கும் பொறுப்பு உண்டு.

கரை கரையும் விதம்

வெள்ளம் ஓர் இரவில் வந்து வடிந்துவிடும். இழந்த பொருளுள் சிலவற்றை மீட்கலாம். அரிப்பில் போன நிலம் திரும்புவதில்லை. பேரேரிகளின் கரைகளில் பல இடங்கள் பழங்காலப் பனியாறுகள் விட்டுச் சென்ற களிமண்ணும் மணலும் சேர்ந்த மேடுகளாகும். அவை பாறைபோல் உறுதியானவை அல்ல. காற்று எழுப்பும் அலைகள் அம்மேட்டின் அடியைத் தொடர்ந்து அறுக்கின்றன. அடித்தாங்கலை இழந்த மேற்பகுதி ஒருநாள் சரிந்து விழுகிறது. விழுந்த மண்ணை அலைகள் வாரிச் செல்ல, மேட்டின் அடி மீண்டும் வெளிப்படுகிறது. அறுப்பு மறுபடி தொடங்குகிறது. அடியில் நிகழும் அறுப்புக்கும் மேலே நிகழும் சரிவுக்கும் இடையே மாதங்களோ ஆண்டுகளோ கழியலாம். அதனால், மேட்டின் மேல் வீடு கட்டியவர்கள் தங்கள் தரை உறுதியாக இருப்பதாகவே நம்பி வாழ்வர்.

ஏரியின் பொதுவான நீர்மட்டம் உயர்ந்திருக்கும் ஆண்டுகளில் இவ்வரிப்பு விரைவுறுகிறது. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது, அகன்ற மணற்கரையின் மீது ஓடித் தேய்ந்து அலைகள் வலிமை இழக்கின்றன. மட்டம் உயர்ந்ததும் மணற்கரை மறைகிறது. அலைகள் மேட்டின் அடியை நேரடியாகத் தாக்குகின்றன. மிச்சிகன், ஹியூரான் ஏரிகள் 2013ஆம் ஆண்டு சனவரியில் பதிவேட்டிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்தை அடைந்தன. 2020ஆம் ஆண்டு கோடைக்குள் அவற்றின் மட்டம் ஏறத்தாழ 1.9 மீட்டர் உயர்ந்துவிட்டது. தாழ்நீர் ஆண்டுகளில் அகன்ற கரையைக் கண்டு மகிழ்ந்தவர்கள், சில ஆண்டுகளிலேயே தம் முற்றங்கள் ஏரிக்குள் சரிவதைக் கண்டனர்.

குளிர்காலப் பனிக்கட்டியும் கரைக்கு ஒரு காவல். ஏரியின் ஓரம் உறைந்திருக்கும்போது புயல் வீசினாலும் அலைகள் கரையை அடைவதில்லை. புவி வெப்பமடைவதால் பேரேரிகளில் பனி மூடும் பரப்பும் காலமும் குறைந்துவருகின்றன. காவல் நீங்கிய கரையைக் குளிர்காலப் புயல்கள் நேரடியாகத் தாக்குகின்றன.

தடுப்பதும் விலகி நிற்பதும்

அரிப்பைக் கண்டவர்கள் முதலில் நாடுவது தடுப்புச் சுவரையே. செங்குத்தான சுவர் தன்மீது மோதும் அலையின் ஆற்றலை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்புகிறது. திரும்பிய அலை சுவரின் அடியிலுள்ள மணலைத் தோண்டுகிறது. நாளடைவில் சுவரின் முன்னிருந்த மணற்கரை மறைந்து, சுவரின் அடித்தளமே வலுவிழக்கிறது. கரையிலிருந்து நீருக்குள் நீட்டிக் கட்டப்படும் தடுப்புகளோ கரையோரமாக நகர்ந்துவரும் மணலைப் பிடித்து வைக்கின்றன. அதனால் ஒருவரின் கரை வளர்கிறது. மணல் வரவு நின்றுபோன அண்டைக் கரை தேய்கிறது. ஒருவர் தம் நிலத்தைக் காக்கச் செய்த செயல் மற்றவரின் இழப்பாகிறது. எனவே ஏரிக்கரையைத் தனித்தனி மனைகளாகக் கருதாமல், ஒரே உடலாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்பது இன்றைய அறிஞர் கருத்து.

சாய்வாக அடுக்கிய பெருங்கற்கள் அலையின் ஆற்றலைச் சிதறடிக்கின்றன. நாணலும் கோரையும் வளர்ந்த ஈரநிலங்கள் அலையைத் தணிக்கின்றன. அவற்றின் வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. இவற்றைவிட எளிய வழி, கரையை விட்டு விலகிக் கட்டுவதாகும். ஆண்டுக்கு எவ்வளவு நிலம் அரிக்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டு, கட்டடத்தின் ஆயுட்காலத்தில் கரை எங்கே வந்து நிற்கும் என்பதை அறிந்து, அதற்கும் அப்பால் அடித்தளமிடுவதே அறிவுடைமை.

நம் ஏரிக்கரைகள்

தமிழகத்தின் ஏரிகள் பரப்பில் பேரேரிகளுக்கு ஒப்பாகா. ஆயினும் காற்றுக்கும் கரைக்கும் உள்ள உறவு இங்கும் அதுவே. நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், பல ஏரிகளின் கரைகள் கிழக்குப் புறத்தில் பிறைவடிவில் அமைந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்திருக்கும் நாள்களிலேயே வங்கக்கடலின் புயல்களும் வருகின்றன. நம் பகுதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். எனவே புயலின் மையம் ஓர் ஏரிக்கு வடக்கே கரையைக் கடக்குமானால், அவ்வேரியின் மீது காற்று மேற்கிலிருந்து வீசும். நிறைந்த ஏரி, நனைந்து நெகிழ்ந்த மண்கரை, அதை நோக்கி அலையை ஏவும் மேல்காற்று ஆகிய மூன்றும் கூடும் நேரமே கரைக்குச் சோதனைக் காலம்.

இதனை உணர்ந்தே நீரை நோக்கிய உட்சரிவில் கல் பதிக்கும் வழக்கம் தோன்றியது. கலிங்கு வழியும் மட்டத்துக்கு மேலும் கரை சற்று உயர்த்திக் கட்டப்படுகிறது. நீர் எட்டாத அந்த உயரம் வீண் என்று தோன்றலாம். அது காற்றுக்காக ஒதுக்கப்பட்ட உயரம். உட்சரிவின் கற்களைப் பெயர்த்தெடுப்பதும், வண்டித்தடத்துக்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்துவதும், கரையின் மண்ணை வெட்டுவதும் அந்தக் காப்பை அழிக்கும் செயல்களாகும். அமைதியான நாளில் அவற்றின் தீங்கு தெரிவதில்லை. புயல் நாளில் கரையின் கீழுள்ள ஊர் அதற்குரிய விலையைக் கொடுக்க நேரும்.

எச்சரிக்கையும் செவிமடுத்தலும்

இன்று காற்றின் வேகத்தையும் திசையையும் முன்கூட்டியே கணித்து, ஏரியின் எந்தக் கரையில் எவ்வளவு நீர் உயரும் என்று சொல்ல முடிகிறது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை ஏரிக்கரை வெள்ளத்துக்கென்றே தனி அறிவிப்புகளை வெளியிடுகிறது. வெள்ளம் நேரக்கூடும் என்னும் நிலையில் ஓர் அறிவிப்பும், சிறு பாதிப்பு எதிர்பார்க்கப்படும்போது மற்றோர் அறிவிப்பும், உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து நெருங்கும்போது உச்ச எச்சரிக்கையும் தரப்படுகின்றன. மழை இல்லாத நாளிலும் இவ்வறிவிப்பு வரும். வானத்தைப் பார்த்து அதைப் புறக்கணிப்பது தகாது.

ஒக்கிச்சோபி ஏரிக்கரையில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. சொன்ன நேரத்தில் புயல் வராததால் அதன்மீது கொண்ட நம்பிக்கை தளர்ந்தது. புயல் தாமதிக்கலாம், தாமதம் விடுதலை ஆகாது. ஆபத்து முற்றிலும் நீங்கியது என்னும் அறிவிப்பு வரும்வரை பாதுகாப்பான இடத்தில் காத்திருக்கும் பொறுமையும், கரையை ஆண்டு முழுவதும் பேணும் கடமையும் ஏரியருகே வாழும் ஒவ்வோர் ஊருக்கும் இன்றியமையாதவை.

கற்பவை கற்றபின்

1. ஆழமற்ற ஏரியில் காற்று வெள்ளத்தின் ஆபத்து மிகுதியாக இருப்பதன் காரணத்தை ஒரு தட்டு நீரைக் கொண்டு வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊர் ஏரியின் கரை எத்திசையில் அமைந்துள்ளது? எந்தக் காற்று வீசும்போது அது மிகுதியாகத் தாக்கப்படும்? நேரில் கண்டு குறிப்பெழுதுக.

3. 'ஒருவர் தம் கரையைக் காத்தல் மற்றவர் கரைக்கு இழப்பாகலாம்' என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விவாதிக்க.

4. ஏரிக்கரையின் உட்சரிவில் பதிக்கப்பட்ட கற்களைப் பெயர்த்தெடுப்பதால் விளையும் தீமைகளை விளக்கி, உங்கள் ஊராட்சி மன்றத் தலைவருக்குக் கடிதம் எழுதுக.